பைக்கில் வயர்லெஸ் செட் மாட்டக் கொடுக்கிறவர்கள் பணம் கட்டும் முன் வண்டியின் சீட்டைத் திறந்து பாருங்கள்

கோவையில் டூரிங் பைக்குகளுக்கு ஆக்சசரி மாட்டித் தரும் ஒரு கடையில் என் பைக்கில் வயர்லெஸ் செட் பொருத்தக் கொடுத்தேன். பில்லில் தனி ஃப்யூஸ், ரிலே, 2.5 ஸ்கொயர் எம்எம் வயர், டூயல் பேண்ட் (இரண்டு அலைவரிசைப் பகுதிகளில் வேலை செய்யும்) ஆன்டெனா, எஸ்டபிள்யூஆர் (அனுப்பும் பவர் ஆன்டெனா வழியாகப் போகாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண், குறைவாக இருந்தால் நல்லது) சோதனை என்று எல்லாமே எழுதியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் காசும் வாங்கிக்கொண்டார்கள். சீட்டுக்கு அடியில் அதில் ஒன்றுகூட இல்லை. புகார் இன்னும் முடியாததால் கடையின் பெயரை எழுதவில்லை. என்ன செய்தார்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். இதே வேலையை இதே மாதிரி செய்து கொடுக்கும் கடைகள் வேறு ஊர்களிலும் இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள்.

எங்கள் குழு பெரும்பாலும் மலைப் பாதைகளில்தான் போகும். வால்பாறை, கொல்லிமலை மாதிரி இடங்களில் பாதி தூரம் செல்போன் சிக்னல் கிடையாது. ஹெல்மெட்டில் மாட்டும் ப்ளூடூத் இன்டர்காம் பக்கத்தில் வருகிறவரோடு பேச நன்றாக இருக்கும். ஆனால் பெட்டியில் எத்தனை கிலோமீட்டர் என்று அச்சடித்திருந்தாலும் அது நேர் பார்வையில், வெட்டவெளியில் வரும் கணக்கு. இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டினால் பாறை மறைத்துவிடும். அதனால் குழுவில் முதலில் போகிற நண்பரும் கடைசியில் வருகிற நானும் ஹாம் ரேடியோ (தனிநபர்கள் லைசென்ஸோடு வைத்துக்கொள்ளும் வயர்லெஸ்) வைத்துக்கொள்கிறோம். இருவரும் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள், என்னுடையது வியூ3 என்று தொடங்கும் அழைப்புக் குறி. கடைசியில் வருகிறவன் கையில் வேலை செய்யும் செட் இருப்பது சொகுசுக்காக இல்லை. யாராவது விழுந்தால் அதைப் பார்ப்பது நான்தான், முன்னால் போகிறவர்களை நிறுத்த வேண்டியதும் நான்தான்.

கடைக்காரரிடம் எனக்கு வேண்டியதைக் காகிதத்தில் எழுதியே கொடுத்தேன். செட் வண்டியில் மாட்டும் 25 வாட் வகை, அது என்னுடையது. பவர் நேராக பேட்டரியிலிருந்து வர வேண்டும். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃப்யூஸ். சாவி போட்டால் மட்டும் ஆன் ஆகும்படி ரிலே. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக வேலை செய்யும் ஆன்டெனா. கடைசியில் மீட்டர் வைத்து எஸ்டபிள்யூஆர் அளந்து பில்லில் எழுத வேண்டும். "ஏனுங்கண்ணா, இதையெல்லாம் எழுதித் தரணுமா? நம்ம கடையில எத்தனையோ பைக்குக்குப் பண்ணியிருக்கோம்" என்றார். பைக்கை எடுக்கப் போனபோது ஆன்டெனா ஒரு சாணுக்கும் குறைவாக, அடியில் ஒரு கறுப்பு உருளையோடு நின்றது. கேட்டேன். "உள்ள காயில் இருக்குதுங்க, அதனால நீளம் குறைச்சல்" என்றார்கள். காயில் வைத்துச் சுருக்கிய ஆன்டெனாக்கள் உண்மையிலேயே உண்டு. பில்லிலும் பேனாவால் 1.3 என்று எஸ்டபிள்யூஆர் எழுதியிருந்தது. 1.5-க்குள் இருந்தால் நல்ல ரீடிங்தான்.

மறுநாள் காலை பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறைக்குக் கிளம்பினோம். சமவெளியிலேயே நண்பர் "உன் குரலோடு ஒரு விசில் மாதிரி கூடவே வருது, ஆக்சிலேட்டர் திருகினா அதுவும் ஏறுது" என்றார். ஆழியாறு தாண்டி ஏற ஆரம்பித்ததும் பேசுவதற்கான பிடிடி பட்டனை அழுத்தினாலே செட் அணைந்து மறுபடி ஆன் ஆனது. பின்விளக்கும் மங்கியதாகப் பின்னால் வந்த காரிலிருந்து ஒருவர் கையைக் காட்டிச் சொன்னார். ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூவில் நிறுத்தியபோது சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உருகும் வாடை வந்தது. பெட்ரோல் டேங்குக்குப் பின்னால் அந்த வாடையை ஒருமுறை மோந்தவர்களுக்கு வயிறு கலங்கும்.

சீட்டைக் கழற்றினோம். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் கடைக்காரர் கை வைத்த அடையாளமே இல்லை. செட்டுக்கான பவரைப் பின்விளக்குக்குப் போகும் வயரின் தோலைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றி எடுத்திருந்தார்கள். அதுவும் ஸ்பீக்கருக்குப் போடும் மெல்லிய ஜோடி வயர். ஃப்யூஸ் இல்லை, ரிலே இல்லை. வெப்பத்தில் வயரின் தோல் இளகி, சீட் கீல் அழுத்திய இடத்தில் செம்பு வெளியே தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டியிருந்தால் அது ஃபிரேமில் பட்டிருக்கும்.

இதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 25 வாட் செட் கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். பேச ஆரம்பித்ததும் அது 7, 8 ஆம்பியருக்குப் போகும். அவர்கள் போட்டது ஏறத்தாழ 0.3 ஸ்கொயர் எம்எம் வயர், போகவும் வரவும் சேர்த்து 4 மீட்டர் நீளம். அந்த நீளத்தில் அது 0.23 ஓம் தடை கொடுக்கும். 8 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 2 வோல்ட் வழியிலேயே செலவாகிவிடும், 15 வாட் சூடு வயருக்குள் இறங்கும். வோல்டேஜ் இறங்கியதால்தான் செட் அணைந்தது. சூடு ஏறியதால்தான் தோல் உருகியது. பைக்கில் ஏற்கெனவே இருக்கும் ஃப்யூஸ் காப்பாற்றாதா என்றால், அது பைக்கின் சொந்த வயருக்குத் தக்கபடி வைத்தது. இந்த மெல்லிய வயர் கருகி முடியும் வரை அந்த ஃப்யூஸுக்கு எதுவும் தெரியாது. பில்லில் எழுதியிருந்த 2.5 ஸ்கொயர் எம்எம் வயரைப் போட்டிருந்தால் இழப்பு கால் வோல்ட்டுக்குள் நின்றிருக்கும். அந்த வயருக்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. அதை மிச்சம் பிடிக்க ஓடும் வண்டியில் நெருப்பு வைக்கிற வேலையைச் செய்திருக்கிறார்கள்.

வயரை வெட்டிவிட்டு, செட் இல்லாமலேயே பயணத்தை முடித்தோம். திரும்பும் வழியில் பொள்ளாச்சியில் எங்களுக்கெல்லாம் ஹாம் கற்றுக்கொடுத்த பெரியவர் வீட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தோம். அவர் செட்டுக்குத் தன் பெஞ்ச் சப்ளையிலிருந்து பவர் கொடுத்து, குறைந்த பவரில் வைத்து 145 மெகாஹெர்ட்ஸில் அழுத்தினார். எஸ்டபிள்யூஆர் 5-ஐத் தாண்டியது. அடுத்து 446 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓடும் ஒரு கையடக்க செட்டை இணைத்தார், ஒழுங்காக இருந்தது. "தம்பி, இது யூஎச்எஃப் ஆன்டெனா, 446 பக்கத்துக்கானது. கறுப்பு உருளைக்குள்ள காயிலெல்லாம் இல்ல, வெறும் பிளாஸ்டிக்" என்று உடைத்தும் காட்டிவிட்டார்.

ஆன்டெனா நீளத்தை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். இந்த வகை ஆன்டெனாவின் நீளம் ரேடியோ அலையின் நீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். 145 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கால் அலை நீளம் அரை மீட்டரை ஒட்டி வரும், 446-இல் அது 16, 17 சென்டிமீட்டர்தான். எனக்கு மாட்டியது சரியாக அந்த இரண்டாவது நீளம். அதை நிறுத்திய விதம் இன்னும் மோசம். கால் அலை ஆன்டெனாவுக்குக் கீழே உலோகப் பரப்பு வேண்டும், அதுதான் அதற்கு மறுபாதி. கார் கூரையில் அது தானாகக் கிடைக்கும், பைக்கில் கிடைக்காது. ஒன்று பின் கேரியரில் உலோகத் தகடு வைத்து அதை ஃபிரேமோடு நன்றாக இணைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த உலோகப் பரப்பு தேவைப்படாத அரை அலை ஆன்டெனா போட வேண்டும். இவர்கள் ஒரு காந்த அடியை பிளாஸ்டிக் டாப் பாக்ஸ் மேல் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். எர்த் வயரைப் பெயின்ட் பூசிய போல்ட்டில் சுரண்டாமலேயே முறுக்கியிருந்தார்கள். ஆன்டெனாவையும் செட்டையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளின் வெளிக் கம்பிப் பின்னலை பிஎல்-259 கனெக்டரில் பற்றவைக்காமல் உள்ளே திணித்திருந்தார்கள், இழுத்ததும் கையோடு வந்தது. அந்த விசில் சத்தம் பைக்கின் சார்ஜிங் லைனிலிருந்து வந்தது. பவரை பேட்டரியிலிருந்தே எடுங்கள் என்று நான் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம், பேட்டரி அந்தச் சத்தத்தைப் பெருமளவு அடக்கிவிடும்.

பொருந்தாத ஆன்டெனாவில் அனுப்பினால் போக வேண்டிய பவர் செட்டுக்கே திரும்பி வந்து கடைசிக்கட்ட டிரான்சிஸ்டரைச் சூடாக்கும். என் செட் இப்போது 25 வாட்டில் வைத்தாலும் 7 வாட்டுக்கு மேல் தருவதில்லை.

கடைக்குப் போனேன். முதல் பதில், "பைக்குன்னா ரேஞ்ச் அவ்வளவுதாங்க வரும்." உருகிய வயரை மேசையில் வைத்ததும், "நீங்களே கழட்டிட்டீங்க, இனி வாரண்டி கிடையாதுங்க." 1.3 என்ற ரீடிங்கை எந்த மீட்டரில் அளந்தீர்கள், அதைக் காட்டுங்கள் என்றேன். அந்தக் கடையில் எஸ்டபிள்யூஆர் மீட்டரே இல்லை. எனக்குக் கோபம் அங்கேதான் வந்தது. வேலை தெரியாமல் செய்தது ஒரு பக்கம். அளக்காத எண்ணைப் பில்லில் எழுதிக் கையெழுத்துப் போட்டது ஏமாற்று வேலை.

அன்று அங்கே நடந்த இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். கல்லூரிப் பையன் ஒருவருக்கு 136 முதல் 174 வரை, 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரை அனுப்பக்கூடிய ஒரு சீன வாக்கி டாக்கியை "லைசென்ஸே வேண்டாம் தம்பி" என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். அது பொய். காவல்துறை, வனத்துறை வயர்லெஸ்ஸும் அந்த 136–174 பகுதிக்குள்தான் ஓடுகிறது, அதில் தெரியாமல் குறுக்கிட்டாலும் சட்டப்படி சிக்கல் அந்தப் பையனுக்குத்தான். லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த இந்தியாவில் 2018 விதிகளின்படி குறைந்த பவரில் 446.0–446.2 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது. அந்த செட்டுக்கும் மத்திய அரசின் டபிள்யூபிசி பிரிவு தரும் ஈடிஏ என்ற வகை ஒப்புதல் இருக்க வேண்டும். இது தவிர 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் சிட்டிசன் பேண்ட், 5 வாட் வரை. 144–146 வேண்டுமானால் ஹாம் தேர்வு எழுத வேண்டும். ஆன்லைனில் இப்படி ஒப்புதல் இல்லாத வாக்கி டாக்கிகளை விற்றதற்காக 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பல தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, தனி வழிகாட்டு நெறிகளும் கொண்டுவந்தது. அந்தப் பையனிடம் இதைச் சொன்னேன், வாங்காமல் போய்விட்டார். கடைக்காரர் என்னை வெளியே போகச் சொன்னார்.

அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். பில், உருகிய வயரின் படம், பொள்ளாச்சியில் எடுத்த மீட்டர் ரீடிங் வீடியோ மூன்றையும் இணைத்தேன். அதன் பிறகு கடையிலிருந்து கூப்பிட்டு, பொருத்தும் கூலியை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆன்டெனா காசும் செட்டைப் பழுதுபார்க்கும் செலவும் வரவில்லை. மீதியைக் கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கத் தயாராகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான மனுவுக்குக் கட்டணம் இல்லை, ஆன்லைனிலேயே பதியலாம்.

நீங்கள் வேலை கொடுப்பதாக இருந்தால், சீட்டை மூடும் முன் கூப்பிடச் சொல்லுங்கள். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள், பிடிடி வயர் இறுகவோ நசுங்கவோ கூடாது. மீட்டரை உங்கள் கண் முன்னால் மாட்டி 144, 145, 146 மூன்றிலும் ரீடிங் காட்டச் சொல்லி வீடியோ எடுங்கள், 2-ஐத் தாண்டினால் பைக்கை எடுக்காதீர்கள். முழு பவரில் ஒரு நிமிடம் பேசிவிட்டு வயரைக் கையால் தொட்டுப் பாருங்கள், சுடக் கூடாது. மீட்டர் இல்லை என்று சொல்லும் கடையில் ஆன்டெனா வேலை கொடுக்கவே வேண்டாம். ஊரில் ஹாம் கிளப் இருந்தால் அங்கே கேளுங்கள், பெரும்பாலும் யாராவது ஒருவர் மீட்டரோடு வந்துவிடுவார். என் பைக்கில் இப்போது இருப்பது பொள்ளாச்சிப் பெரியவரும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்ட வயரிங், 145-இல் 1.4 காட்டுகிறது.

இதே கோவைக் கடையில் ரேடியோ பொருத்தியவர்கள் யாராவது இருந்தால், அடுத்த பயணத்துக்கு முன் தயவுசெய்து சீட்டைக் கழற்றிப் பாருங்கள். பின்விளக்கு வயரில் டேப் சுற்றிய முடிச்சு தெரிந்தால் செட்டின் பவர் வயரை உடனே கழற்றிவிட்டு, படமும் பில்லும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். மனுவில் சேர்க்க அது உதவும்.