ஊறுகாய் ஜாடியும் எவர்சில்வர் டம்ளரும்: காப்பி வாட்ச்சில் செராமிக் செயின் எத்தனை நாள் தாங்கும்?

திருவல்லிக்கேணியில் நான் வழக்கமாகப் போகும் வாட்ச் ரிப்பேர் கடையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. உள்ளே கறுப்பும் வெள்ளையுமாக உடைந்த செராமிக் துண்டுகள்; பார்க்கப் பல்லாங்குழிச் சோழி மாதிரி இருக்கும். "எதுக்கு பாய் இதையெல்லாம் சேர்த்து வைக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "யாராவது ஒரு லிங்க் கேட்டு வந்தா இதுல பொருந்துமான்னு பார்ப்பேன் தம்பி. இதுவரைக்கும் ஒண்ணுகூடப் பொருந்தினதில்ல."

போன மாதம் என் மைத்துனனோடு போயிருந்தேன். ஷனேல் கம்பெனியின் ஜே12 என்ற செராமிக் வாட்ச் மாதிரியே வெள்ளையாக ஒரு வாட்ச் வாங்கியிருந்தான். அசலைப் பார்த்துச் செய்த போலி; கடையில் அதற்குப் பெயர் ஃபர்ஸ்ட் காப்பி. கை கழுவும்போது லாக் தானாகத் திறந்து, வாட்ச் டைல்ஸ் தரையில் விழுந்திருக்கிறது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, முள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. செயின் மட்டும் இரண்டு துண்டு. "செராமிக்குக்குக் கீறலே விழாதுன்னு சொன்னாங்களே மாமா?" என்றான். சொன்னது பொய்யில்லை. இரண்டு துண்டிலும் ஒரு கீறல்கூட இல்லை.

கீறல் தாங்குவது வேறு, அடி தாங்குவது வேறு. விற்பவர்கள் முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதைச் சொல்லாமல் விடுகிறார்கள். வீட்டில் மாவடு போட்டு வைக்கும் பீங்கான் ஜாடியை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் உப்பிலும் புளிப்பிலும் கிடந்தாலும் நிறம் மாறாது, கரண்டி உரசினாலும் கோடு விழாது. பரணிலிருந்து இறக்கும்போது கை நழுவினால் மட்டும் அன்றோடு சரி. அதே பரணில் பாட்டி பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் இருக்கும். பத்து இடத்தில் நசுங்கல், மேலெல்லாம் கீறல். ஆனாலும் காலைக் காபி அதில்தான்.

செராமிக் செயின் அந்த ஜாடி, ஸ்டீல் செயின் அந்த டம்ளர். கணக்காகச் சொன்னால், வாட்ச்சில் பயன்படும் 316எல் ரக ஸ்டீலின் கடினத்தன்மை விக்கர்ஸ் என்ற அளவில் சுமார் 200. வாட்ச் செராமிக்கான சிர்கோனியாவுக்கு (சிர்கோனியம் ஆக்சைடு) 1,200க்கு மேல். தெருப்புழுதியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணலைவிடக் கடினம் என்பதால்தான் பஸ் கம்பியில் உரசினாலும் மேசையில் இழுத்தாலும் புதுசு மாதிரியே இருக்கிறது. ஆனால் ஒரு வெடிப்பு தொடங்கிவிட்டால் அது மேலே ஓடாமல் தடுக்கும் திறன் என்று ஒன்று உண்டு. அதில் சிர்கோனியா ஸ்டீலின் பத்தில் ஒரு பங்குக்கும் எட்டாது. ஸ்டீல் அடி வாங்கினால் நசுங்கி அடியை விழுங்கிவிடும். செராமிக்குக்கு நசுங்கவே தெரியாது.

அசல் செராமிக்கில் என்ன இருக்கிறது

நம் ஊரில் செராமிக் வாட்ச் என்றதும் ரேடோதான் நினைவுக்கு வரும். ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். துபாயிலிருந்தும் சவுதியிலிருந்தும் மாமாக்கள் கட்டிக்கொண்டு வந்த முட்டை வடிவத் தங்க நிற ரேடோ செராமிக் இல்லை. அது 1962இல் வந்த டயாஸ்டார்; அதன் கேஸ் டங்ஸ்டன் கார்பைடு கலந்த கடின உலோகம். ரேடோ செயினில் செராமிக்கைக் கொண்டுவந்தது 1986இல், இன்டக்ரல் மாடலில். 1990இல் செராமிகா வந்தது. ஷனேல் ஜே12 கறுப்பில் 2000இலும் வெள்ளையில் 2003இலும் வந்த பிறகுதான் செராமிக் செயின் நாகரிகமானது. ஓடெமார் பிகே என்ற சுவிஸ் கம்பெனி 2017இல் தன் ராயல் ஓக் மாடலைக் கறுப்புச் செராமிக்கில், செயின் உட்பட, செய்து காட்டியது. இன்று காப்பி சந்தையில் அதிகம் கேட்கப்படுபவை இந்தக் கடைசி இரண்டும்தான்.

இவற்றில் இருப்பது வெறும் பீங்கான் இல்லை. இட்ரியா என்ற இன்னொரு ஆக்சைடு சேர்த்த சிர்கோனியா. இதில் ஒரு வெடிப்பு கிளம்பினால், அதன் முனையில் இருக்கும் படிகத் துகள்கள் வடிவம் மாறி மூன்று நாலு சதவீதம் உப்பி, வெடிப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். 1975இல் இதை முதலில் விளக்கிய ஆய்வாளர்கள் 'செராமிக் எஃகா?' என்றே தங்கள் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார்கள். வெறும் பீங்கானில் இவ்வளவு மெல்லிய லிங்க் செய்து கையில் கட்டவே முடியாது.

ஆனால் இந்த வித்தை வேலை செய்ய வேண்டுமானால் செய்முறை சுத்தமாக இருக்க வேண்டும். பொடியையும் பிளாஸ்டிக் போன்ற ஒரு பிசினையும் கலந்து அச்சில் அழுத்துவார்கள். பிறகு பிசினை மெதுவாக எரித்து வெளியேற்றி, சுமார் 1,450 டிகிரியில் சுடுவார்கள். சூளையிலிருந்து வரும்போது வடாம் காய்ந்து சுருங்குவதுபோல ஒவ்வொரு பக்கமும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியிருக்கும். அதற்குப் பிறகு வைரத்தூள் பதித்த கருவியால்தான் தேய்க்க முடியும். பிசினை அவசரமாக எரித்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத குமிழி தங்கிவிடும். சூட்டில் கொஞ்சம் பிசகினாலும் துகள் பெருத்துவிடும். மேலே பாலிஷ் போட்டுவிட்டால் நல்ல லிங்க்குக்கும் கெட்ட லிங்க்குக்கும் வித்தியாசமே தெரியாது.

இது எவ்வளவு நுணுக்கமான விஷயம் என்பதற்கு வாட்ச்சோடு தொடர்பில்லாத ஓர் உதாரணம் உண்டு. செயற்கை இடுப்பு மூட்டின் பந்துப் பகுதியை இதே சிர்கோனியாவில் செய்துவந்த ஒரு பிரெஞ்சு நிறுவனம் சூளை முறையை மாற்றியது. 2001இல் அந்தப் பந்துகள் நோயாளிகளின் உடம்புக்குள்ளேயே உடையத் தொடங்கி, திரும்பப் பெறப்பட்டன. பொடியைக் குறை சொல்ல முடியவில்லை, மாறியது சூளைதான். மருத்துவத் தரச் சோதனை இருந்த இடத்திலேயே இது நடந்ததென்றால், பெயர்ப்பலகை இல்லாத பட்டறையில் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அசலும் உடையும், அதை மறைக்கத் தேவையில்லை. இடுப்புயரத்திலிருந்து கருங்கல் தரையில் விழுந்தால் ஜே12 லிங்க்கும் போகும், ரேடோ லிங்க்கும் போகும். கீழே போட்டு உடைத்தால் பொதுவாக வாரண்டியும் கிடையாது. ஆனால் காசு கொடுத்தால் அதே லிங்க் கிடைக்கும், அதைப் பொருத்தத் தெரிந்த ஆளும் இருப்பார்.

காப்பியில் மூன்று ரகம்

'செராமிக்' என்று சொல்லி விற்கப்படும் காப்பி செயின்களில் மூன்று ரகம் உண்டு. கடைக்காரருக்கே பெரும்பாலும் எது எதுவென்று தெரியாது.

முதல் ரகம், கறுப்புப் பூச்சு கொடுத்த ஸ்டீல். செராமிக் என்பது அட்டைப் பெட்டியில் மட்டும்தான். காந்தம் ஒட்டவில்லை, அதனால் செராமிக்தான் என்று சிலர் வாதாடுவார்கள். 316எல் ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. வேறு வழி இருக்கிறது. காலையில் கட்டும்போது ஸ்டீல் சில்லென்று இருக்கும். செராமிக் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால் அந்தச் சில்லிப்பு தெரியாது. இன்னொன்று, வீட்டுச் சாவியால் உள்பக்கம் ஓரத்தில் ஒரு கோடு இழுங்கள். செராமிக்காக இருந்தால் சாவிதான் தேயும். சாம்பல் நிறக் கோடு ஒன்று ஒட்டும், பென்சில் ரப்பரால் தேய்த்தால் போய்விடும். பூச்சாக இருந்தால் கோட்டுக்குள் வெள்ளி தெரியும். அதன் பிறகு ரப்பர் உதவாது.

இரண்டாவது ரகம், ஸ்டீல் செயினின் மேல் மெல்லிய செராமிக் ஓடு ஒட்டியது. என் பார்வையில் மூன்றிலும் மோசம் இதுதான். ஓட்டைப் பிடித்திருப்பது பசை. நம் ஊர் வியர்வையும், நிறுத்திய பைக் டாங்க் கவரில் வாட்ச்சைக் கழற்றி வைக்கும் பழக்கமும் சேர்ந்தால் ஒரு கோடை தாண்டுவது கஷ்டம். ஒரு ஓடு விழுந்தால் செயின் பல் விழுந்த வாய் மாதிரி இளிக்கும்.

மூன்றாவது ரகம், லிங்க் முழுக்கச் செராமிக். விலை கூடுதல், "அசலுக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்லை சார்" என்று விற்கப்படுவது இதுதான். கையில் வாங்கும்போது வித்தியாசம் தெரியாது என்பது உண்மைதான். வித்தியாசம் இருக்கும் இடம், லிங்க்குகளைக் கோக்கும் 'பின்' என்ற கம்பி நுழையும் துளை.

சூளையில் ஒன்றாகச் சுடும் லிங்க் எல்லாமே ஒரே அளவாகச் சுருங்கினால்தான் துளைகள் ஒன்றுபோல் இருக்கும். சுருக்கம் கூடக்குறைய இருந்தால், துளையைத் திருத்துவதற்குச் செலவாகும். நடுவில் பிளந்த பின்னை இறுக்கமாக அடித்துவிடுவது மலிவு. அந்தப் பின் துளைச் சுவரை உள்ளிருந்து எந்நேரமும் விரித்துக்கொண்டே இருக்கும். செராமிக் அமுக்கினால் தாங்கும், விரித்தால் தாங்காது. பின் மட்டமான கம்பியாக இருந்தால் வியர்வையில் துருவும் ஏறும். கான்கிரீட்டுக்குள் கம்பி துருவேறி உப்பி, மொட்டை மாடிச் சிலாப் வெடித்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான், அளவு சின்னது. ஒருநாள் ஒன்றுமே படாமல் லிங்க்கின் ஓரம் சில்லு சில்லாகப் பெயரும்.

அளவு குறைக்கும் இடத்திலும் இந்த ரகத்துக்குக் கண்டம். ஸ்டீல் செயினைப் பட்டறைக் கட்டையில் வைத்து சுத்தியலால் நாலு தட்டு தட்டிப் பின்னைக் கழற்றுவது நம் ஊர் வழக்கம். தவறிப்போனால் துளை கொஞ்சம் அகலும், அவ்வளவுதான். செராமிக்கில் அந்தத் தட்டு துளை விளிம்பில் மயிரிழை வெடிப்பைத் தொடங்கிவைக்கும். அன்றைக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது தெரியும்.

லாக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காப்பிகளின் பட்டாம்பூச்சி லாக்கில் (இரண்டு பக்கமும் இறக்கைபோல விரியும் லாக்) தகடு மெல்லியது, பிடிப்பு சீக்கிரம் தளரும். ஸ்டீல் வாட்ச்சில் லாக் தளர்ந்து கீழே விழுந்தால் இன்னொரு நசுங்கல் கூடும். செராமிக் வாட்ச்சில் லாக் தளர்ந்தால் என் மைத்துனன் கதை.

இப்போது மூன்று ரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிரிப்பு வரும். உழைப்பை மட்டும் பார்த்தால் ஜெயிப்பது முதல் ரகம். செராமிக் என்று பொய் சொல்லி விற்ற பூச்சு ஸ்டீல், ஆறு மாதத்தில் விளிம்பெல்லாம் வெளிறி அசிங்கமாகும், ஆனால் கையிலிருந்து விழாது. உண்மையிலேயே செராமிக்கில் செய்த காப்பிதான் உடைகிறது. போலியிலும் போலி, நிஜமான போலியைவிட அதிகம் உழைக்கிறது!

ஸ்டீல் காப்பி கட்டிப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். மட்டமான ஸ்டீலும் ஸ்டீல்தான். கறுக்கும், இளகும், ஆனால் தாங்கும். மட்டமான செராமிக்குக்கு அந்தச் சலுகை இல்லை. அதன் வலிமை அதிலிருக்கும் ஆகப் பெரிய குமிழி எவ்வளவோ அவ்வளவுதான். ஒரு செயினில் ஐம்பது, அறுபது துண்டுகள் இருந்தால், எல்லாவற்றிலும் மோசமான ஒன்றின் வலிமைதான் செயினின் வலிமை.

உடைந்த பிறகு? லிங்க் தனியாகக் கிடைக்காது. ஒரே மாடலின் இரண்டு காப்பிகளுக்கே லிங்க் மாற்றிப் பொருந்தாது. பாயின் டப்பா அதற்குச் சாட்சி. ஒட்டுப் பசை போட்டால் இரண்டு நாள். விற்றவரிடம் பில் கேட்க முடியாது. போலி முத்திரையிட்ட பொருளை விற்பதே 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம். அவர் எங்கே பில் போடுவார்?

அதே காசுக்கு வேறென்ன

நாலாயிரம், ஐயாயிரம்தான் கையில் இருக்கிறதென்றால் சொந்தப் பெயரோடு வரும் ஸ்டீல் செயின் வாட்ச் ஒன்றை வாங்குங்கள். டைட்டன், கேசியோ, எதுவானாலும். லிங்க் கிடைக்கும், எந்தக் கடையிலும் அளவு குறைப்பார்கள்.

கீறல் விழாமல் இருப்பதுதான் முக்கியம் என்றால் டைட்டானியம் பக்கம் போகலாம். சாதாரண டைட்டானியம் கீறல் விஷயத்தில் பெரிய சூரன் இல்லை. கலப்பு டைட்டானியம்கூட விக்கர்ஸ் 350 அளவுதான். ஆனால் 1970இலேயே உலகின் முதல் டைட்டானியம் வாட்ச்சைச் செய்த சிட்டிசன், இப்போது மேல்பரப்பை மட்டும் கடினமாக்கிய டைட்டானியத்தில் செயின் செய்கிறது. மேலே ஜாடி, உள்ளே டம்ளர். செராமிக்கைவிட எடையும் குறைவு. விலை காப்பியைவிடப் பல மடங்குதான், ஆனால் அசல் ஜே12 இருக்கும் லட்சங்களின் பக்கம்கூடப் போகாது. நான் என் காசைப் போடுவதாக இருந்தால் இதில்தான் போடுவேன்.

செராமிக்கின் அந்த வழவழப்பும் மினுமினுப்பும்தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால், செராமிக் செயின் உள்ள பழைய குவார்ட்ஸ் (பேட்டரியில் ஓடும்) ரேடோ ஒன்றைத் தேடலாம். இருபது வருடம் கட்டிய பிறகும் செயின் புதுசு மாதிரி இருப்பது அசல் செராமிக்கின் தனிச்சிறப்பு. வாங்குமுன் உங்கள் மணிக்கட்டுக்கு லிங்க் போதுமா என்று கட்டிப் பாருங்கள்; முந்தைய சொந்தக்காரர் கழற்றிய லிங்க்கைப் பெரும்பாலும் தொலைத்திருப்பார். பின் துளை ஓரங்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். செயினைக் காதருகே லேசாகக் குலுக்கினால் எல்லா லிங்க்கும் ஒரே மாதிரி கிணுங்க வேண்டும். சந்தைக்கடையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் அதே வித்தைதான்.

செராமிக் கேஸ், தோல் வார் என்பது இன்னும் நல்ல சமரசம். டைட்டனின் எட்ஜ் வரிசையில்கூடச் செராமிக் கேஸ் உண்டு. ஒரே கட்டியாக இருக்கும் கேஸுக்கு, பின் துளை போட்ட ஐம்பது துண்டுகளைவிட ஆயுசு கெட்டி.

மைத்துனன் வாட்ச்சுக்கு வருகிறேன். பாய் டப்பாவைக் கவிழ்த்து வெள்ளை லிங்க்குகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒன்று அகலம் கூட, ஒன்றில் துளை ஒரு மயிரளவு மேலே. கடைசியில் வெள்ளை ரப்பர் வார் ஒன்றின் முனையைச் சீவி மாட்டிக்கொடுத்து நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். "அந்தப் பழைய செயின்?" என்று மைத்துனன் கேட்பதற்குள் இரண்டு துண்டும் டப்பாவுக்குள் விழுந்துவிட்டது.