குட்டி வெப் சர்வர், உள்ள பூரா செத்த கோடு: என் மார்க்கு 5க்கு 3

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கேன். கோயில் திருவிழா உபயக்காரங்க லிஸ்ட்ட ஆன்லைன்ல போட்டுக் குடுன்னு கமிட்டில கேட்டாங்க, வீட்ல ஒரு பழைய பிசி சும்மா கெடந்துச்சு, சரின்னு ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் வெப் சர்வர (கேக்குறவங்களுக்கு பேஜ அனுப்புற சாஃப்ட்வேர்) எறக்கினேன். எல்லாரும் போடுற வெப் சர்வர் என்ஜின்எக்ஸே லைட்டுதான், தெரியும், ஆனா கை அரிச்சுச்சு லா. பேரு வேணாம், ஒரே ஆளு காசு வாங்காம செஞ்சு குடுத்தது.

ஸ்பீடு சூப்பர், கம்பைல் ஆக (சோர்ஸ் கோட ஓடுற புரோகிராமா மாத்த) அரை நிமிஷம் கூட இல்ல.

பிரச்சன எங்கன்னா, இங்க லைன் மோசம், பாதி பேஜு வந்ததும் கட்டாவுது. "தம்பி, என் பேரு வர்றதுக்குள்ள நின்னுருதுப்பா"ன்னு தலைவரு போன் மேல போன். செட்டிங் எழுதுற கான்ஃபிக் ஃபைல்ல டைம்அவுட்டு, அதாவது எவ்ளோ நேரத்துல சர்வர் லைன வெட்டணும்ங்கறது, 10 செகண்டு இருந்துச்சு, 60 போட்டேன், ரீஸ்டார்ட் பண்ணேன், அதே 10 செகண்டு. ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரவுட்டர திட்டிட்டு இருந்தேன். கடைசில சோர்ஸ்ல கிரெப் (வார்த்தைய தேடுற கமாண்டு) போட்டா, அந்த 60ஐ ஒழுங்கா படிச்சு ஒரு ஸ்ட்ரக்ட்ல (டேட்டா போட்டு வைக்கிற பெட்டி மாதிரி) வைக்குது, வச்சத அப்பறம் யாருமே எடுக்கல! உண்மையான 10 வேற ஃபைல்ல டிஃபைன்ல, கோடுக்குள்ளயே எழுதி வச்ச நம்பரா, உக்காந்திருக்கு. அப்பறம் தேடத் தேட, கோடுல எங்கயும் யாரும் கூப்பிடாத, அதனால ஓடவே ஓடாத ஃபங்ஷன் (இதத்தான் செத்த கோடுன்னேன்) மட்டும் மூணு, ஒரு வரி கமெண்ட் கிடையாது. அந்த ஃபங்ஷன ஸ்டேட்டிக்னு (இந்த ஃபைலுக்குள்ள மட்டும்னு) போட்டிருந்தா ஜிசிசி கம்பைலரு வால் (-Wall) ஃப்ளாக்குலயே வார்னிங் குடுத்திருக்கும், போடல, அதனால கம்பைலரும் வாய தொறக்கல.

இங்க ரப்பர வெட்டிட்டு செம்பன நட்டு எவ்ளோ வருஷமாச்சு, ரப்பர் பால எட போட்ட ஸ்டோரு இன்னும் நிக்குது, ஏன் இடிக்கலன்னு கேட்டா யாருக்கும் தெரியாது, அதே கததான். ஆனா ஸ்டோருக்குள்ள பாம்பு இருந்தா? ஹார்ட்ப்ளீட்னு ஒரு ஓட்ட ஞாபகம் இருக்கா, சைட்டுங்க டேட்டாவ பூட்டி அனுப்ப வச்சிருக்கிற ஓப்பன்எஸ்எஸ்எல்ல 2012ல வந்த, லைன் உயிரோட இருக்கான்னு பாக்குற ஹார்ட்பீட், பெரும்பாலான சைட்டுக்கு அது தேவையே இல்ல, ஆனா ஆன்லயே இருந்துச்சு, 2014ல பாத்தா ஒரு தடவைக்கு 64 கேபி வரைக்கும் சர்வர் மெமரி வெளிய ஒழுகுதுன்னு தெரிஞ்சுது. என்னோடது ஓடாத கோடு, அவ்ளோ ஆபத்து இல்லதான், ஆனா நாளைக்கு யாராச்சும் ஒருத்தன் அத கூப்பிட்டு வச்சான்னா?

இப்போதைக்கு டிஃபைன்ல இருந்த 10ஐ 60 ஆக்கி திரும்ப கம்பைல் பண்ணிட்டேன், தலைவரு பேரு முழுசா வருது. அந்த மூணு ஃபங்ஷன தொடல, எதுக்கு எழுதினீங்கன்னு செஞ்சவருக்கு கேட்டு அனுப்பிருக்கேன்.