மாடா, வாத்தா, மீனா? பகோ நெல் வயலுக்கு ஓர் ஒப்பீடு

பர்மாவில் எங்கள் பகோ பக்கத்துத் தமிழ் ஊர்களில் இயற்கை வேளாண்மைப் பேச்சைக் கிளப்பிவிட்டது யூரியா விலைதான். 2021க்குப் பிறகு மூட்டை விலை ஏறிய ஏற்றத்தில், எருக்குழியைத் தூர்த்துவிட்டுத் தொழுவத்தில் பவர் டில்லரை நிறுத்தியவர்கள்கூட மறுபடி ஒரு ஜோடி மாடு வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். வாத்து விட்டால் களையே எடுக்க வேண்டாம், மீன் விட்டால் ஒரே வயலில் இரண்டு வருமானம் என்று கைப்பேசியில் வரும் காணொளிகள் வேறு. மூன்றுமே நெல்லோடு கால்நடையைச் சேர்க்கும் வழிகள்தாம். லாபத்தை மட்டும் வைத்து மூன்றையும் நிறுத்துப் பார்ப்பது போதாது என்பது என் கருத்து. பெரிய பணத்தில் இறங்கும் முன்னால் நம் சொந்த வயலில் சிறிதாகச் சோதித்துப் பார்க்க எது இடம் கொடுக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வெளிநாட்டு ஆய்வுகளுக்குக் குறைவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரோடேல் நிறுவனம் 1981 முதல் எரு இட்ட இயற்கை வயல், பயறுவகைப் பயிர்களை நம்பிய இயற்கை வயல், ரசாயன உரமிட்ட வயல் ஆகியவற்றை அருகருகே வைத்து ஒப்பிட்டு வருகிறது. ஆனால் அது மக்காச்சோளமும் சோயாவும் விளையும் மேட்டு நிலம். மழைக்காலம் முழுக்கத் தண்ணீரில் நிற்கும் நம் களிமண்ணில் காற்றே புகுவதில்லை. எரு மட்கும் வேகமும் தழைச்சத்து (நைட்ரஜன்) தங்கும் விதமும் வேறு. அங்கே தெரிந்த முடிவை இங்கே அப்படியே நட முடியாது.

முதலில் மாடு. வளர்ந்த மாடு ஒன்று நாளுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். ஆண்டுக்கு மூன்றரை டன்னுக்குச் சற்று மேல். பச்சைச் சாணத்தில் தழைச்சத்து அரை சதவீதத்தை ஒட்டியே இருப்பதால், ஆண்டு முழுவதற்கும் 15 முதல் 18 கிலோதான் தேறும். 50 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 23 கிலோ. ஒரு மாட்டின் ஓராண்டுச் சாணம் ஒரு மூட்டைக்கு ஈடாகவில்லை. கூரையில்லாத எருக்குழியாக இருந்தால் நம் மழையில் அதிலும் ஒரு பங்கு கரைந்து ஓடிவிடும். கிடைப்பதும் உடனே பயிருக்குப் போவதில்லை. "ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்" என்று பெரியவர்கள் சொல்வதில் மண்ணியல் சரியாகவே இருக்கிறது: ஆட்டுப் புழுக்கையில் சத்து அடர்த்தியாக இருக்கிறது, சீக்கிரம் கரைகிறது, நார் மிகுந்த மாட்டுச் சாணம் நிதானமாகவே விடுகிறது.

ஆகவே எருவுக்கென்று மட்டும் மாடு வாங்கினால் கட்டுப்படியாகாது. பாலுக்கு வாடிக்கை இருக்க வேண்டும், அல்லது ஏரிலோ வண்டியிலோ வேலை இருக்க வேண்டும். கிழடான மாட்டை என்ன செய்வது என்ற கேள்வியும் உண்டு. நம் வீடுகளில் அடிமாட்டுக்கு விற்க மனம் வராது. பக்கத்துப் பர்மியர் பலரும் மாட்டிறைச்சி தொடுவதில்லை. சாகும்வரை தீனி போடும் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

மாட்டுக்குச் சாதகமான ஒரு வாதம் உளுந்தில் இருக்கிறது. நெல் அறுத்த ஈரத்தில் உளுந்து விதைத்து, மாசி வாக்கில் எடுத்து, இந்தியாவுக்குப் போகும் சந்தைக்கு விற்பது நமக்குப் பழகிய சுற்று. பயறுவகை மண்ணுக்குத் தழைச்சத்து தரும் என்ற நம்பிக்கையும் கூடவே வருகிறது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோய் அடிக்கிறோம். மணியில் ஒரு பங்கு சத்து கப்பலேறுகிறது, கொடியில் இருந்தது களத்தோரத்தில் எரிகிறது. மாடு இருக்கும் வீட்டில் அந்தக் கொடி தீனியாகிச் சாணமாக வயலுக்குத் திரும்புகிறது. மாடு இல்லாதவர் கொடியை வண்டியில் ஏற்றிப் பழைய வயலிலேயே பரப்பினால் இந்தப் பலனில் பெரும்பங்கு காசில்லாமல் கிடைத்துவிடும். இதைச் செய்பவர் அரிது.

வாத்துக்கு வருவோம். நெல்லுக்குள் வாத்து விடும் முறையை ஜப்பானின் ஃபுகுவோகா பகுதி விவசாயி தகாவோ ஃபுருனோ 1988இல் தன் வயலில் தொடங்கினார். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து இறங்கி வந்ததாக இல்லாமல் ஒரு விவசாயியின் வயலில் முளைத்தது என்பதே எனக்கு இதில் பிடித்த செய்தி. நடவு முடிந்து 10, 15 நாளில் இரண்டு வாரக் குஞ்சுகளை ஏக்கருக்கு 60 முதல் 80 வரை விடுகிறார்கள். அந்த வயதில் குஞ்சுக்குப் பசி அதிகம், உடல் எடை குறைவு. பயிரை மிதித்துச் சாய்க்காது. நெல் தாளில் மணற்சத்து (சிலிக்கா) மிகுந்து சொரசொரப்பாக இருப்பதால் அதை விட்டுவிட்டு இளம் களைகளையும் பூச்சிகளையும் நத்தைக் குஞ்சுகளையும் தேடித் தின்கிறது.

வரிசைக்கு நடுவில் குஞ்சு போவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் விஷயம் புரியும். அலகைச் சேற்றில் செருகிச் சலசலவென்று சலித்துக்கொண்டே போகும். பின்னால் கால்கள் சேற்றைக் கிளறும். போன தடத்தில் தண்ணீர் தேநீர் நிறத்தில் கலங்கி நிற்கும். அடியில் வெளிச்சம் படாததால் புதுக்களை முளைப்பது குறைகிறது, முளைத்ததும் வேரோடு மிதக்கிறது. தாளில் இடிபட்டுப் போகும்போது, சாறு உறிஞ்சும் பூச்சியான புகையான் தண்ணீரில் உதிர்ந்து இரையாகிறது.

"வாத்து எரு போடும், உரமே வேண்டாம்" என்று காணொளிக்காரர்கள் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். 70 வாத்துகள் இரண்டு மாதத்தில் போடும் எச்சத்தில் தழைச்சத்து மூன்று, நான்கு கிலோதான். அதிலும் பெரும்பகுதி அந்த வயலிலிருந்தே தின்றது. வெளியிலிருந்து புதிதாக வருவது நாம் போடும் தவிட்டின் அளவுதான். வாத்து தருவது களைக்கூலி மிச்சம், பூச்சிமருந்து மிச்சம், முடிவில் முட்டையோ இறைச்சியோ. அந்த மிச்சமே பெரிய தொகை என்பதால், இல்லாத பெருமையை அதன்மேல் ஏற்றத் தேவையில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இளைஞர்கள் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போன பிறகு நடவுக்கு ஆளில்லாமல் பலர் விதையை வயலில் நேரடியாகத் தெளிக்கிறார்கள். தெளித்த வயலில் வரிசை ஏது? குஞ்சு நுழைய வழியில்லை, நுழைந்தால் இளம்பயிரும் போகும். வாத்து வேண்டுமென்றால் நடவுக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் உருளை விதைப்பானால் வரிசை விதைப்பு செய்ய வேண்டும். பிறகு நாய், பாம்பு, காகம்: சுற்றிலும் வலை, இரவில் அடைக்கக் கொட்டகை. கதிர் வெளிவரத் தொடங்கியதும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வெளியேற்ற வேண்டும், ஏனெனில் பால் பிடித்த மணி வாத்துக்கும் பிடிக்கும். பறவைக் காய்ச்சல் பயமும் உண்டு. பர்மாவில் அது முதன்முதலில் 2006இல் உறுதியானது. காட்டுப் பறவைகள் இறங்கும் திறந்த வயலில் அதைத் தடுக்க யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

மீன் காகிதத்தில் அழகாக இருக்கிறது. வயலின் பத்தில் ஒரு பங்கைப் பள்ளமாக வெட்டி, வரப்பை உயர்த்தி, நடவுக்குப் பின் விரலளவுக் குஞ்சுகளை விட்டால் அறுவடையில் குழம்புக்கும் சந்தைக்கும் மீன். ஐராவதி டெல்டாவில் வேர்ல்டுஃபிஷ் என்ற பன்னாட்டு மீன் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற அமைப்புகள் விவசாயிகளின் வயலிலேயே இதை ஆராய்ந்திருக்கின்றன. ஆனால் பகோ டெல்டா அல்ல. ஆற்று வெள்ளம் வரப்பைத் தாண்டும் ஆண்டில் மீன் பக்கத்து ஊருக்குப் போய்விடும். 2023 அக்டோபரில் பகோ நகரமே மூழ்கியது நினைவிருக்கும். உயரமான, அகலமான வரப்பு எலிக்குக் கட்டிக்கொடுத்த வீடு. மேல் வயல்காரர் பூச்சிமருந்து தெளித்து மடை திறந்தால் ஒரே இரவில் மீன் மிதக்கும். வாத்தையாவது கரைக்கு ஓட்டிவிடலாம்.

நிலத்தின் சட்டநிலையும் குறுக்கே நிற்கிறது. 2012ஆம் ஆண்டு விவசாய நிலச் சட்டப்படி நெல் நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற அனுமதி வேண்டும். பள்ளம் வெட்டிய வயல் நெல் வயலா மீன்குட்டையா என்ற கேள்வியை அலுவலகத்தில் யாராவது எழுப்பினால் பதில் சொல்ல, நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைச் சான்றான ஏழாம் படிவம் நம் பெயரில் இருக்க வேண்டும். நம்மவர் பலர் குத்தகைக்கு உழுகிறார்கள். சிலருக்குக் குடியுரிமைக் காகிதமே முழுமையாக இல்லை. அடுத்தவர் நிலத்தில் பள்ளம் வெட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இனி சோதனை. நம் ஊரில் நடக்கும் ஒப்பீடு பெரும்பாலும் இரண்டு வகை. போன ஆண்டு வாத்து இல்லை, இந்த ஆண்டு விட்டேன், ஐந்து கூடை கூடியது என்பது ஒன்று. அந்த ஐந்து கூடையைத் தந்தது மழையாகவும் இருக்கலாம். வீட்டருகு வயலில் விட்டேன், தூரத்து வயலில் விடவில்லை என்பது மற்றொன்று. காவலுக்கு வசதி என்று வீட்டருகு வயலைத்தான் எல்லோரும் தேர்ந்தெடுக்கிறோம். தொழுவத்துக் கழுநீரும் அடுப்புச் சாம்பலும் காலங்காலமாகப் போய்ச் சேர்ந்த வளமான மண் அது. எதை விட்டாலும் அங்கே விளையும்.

செய்ய வேண்டியது ஒரே வயலை இரண்டாகப் பிரிப்பது. நடுவில் வரப்பு போட்டு, தண்ணீர் தனித்தனி மடையில் பாய, எந்தப் பாதிக்கு வாத்து என்பதைப் பூவா தலையா போட்டு முடிவு செய்ய வேண்டும். ஒரு வயல் போதாது. நான்கைந்து ஜோடிகள் வேண்டும். ஒரே வீட்டுக்காரர் அத்தனை வேலி போட்டால் கடனாளியாகிவிடுவார். 1990களில் மலாவியில் உருவான 'தாய்–சேய்' சோதனை முறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: ஓரிடத்தில் முழுச் சோதனை, சுற்றியுள்ள விவசாயிகள் ஒவ்வொருவர் வயலிலும் அதன் ஒரு துண்டு. ஐந்து வீடுகள் ஆளுக்கொரு வயலைப் பாதியாகப் பிரித்தால் ஐந்து ஜோடிகள் ஆயிற்று. ஐந்திலும் வாத்துப் பக்கமே மேலாக இருந்தால் நம்பலாம்; மூன்றில் கூடி இரண்டில் குறைந்தால் இன்னும் ஒரு பருவம் பொறுக்க வேண்டும்.

அளப்பதற்கு மூங்கிலும் தராசும் போதும். ஒன்பது அடிக்கு ஒன்பது அடி சதுரம் கட்டி, வரப்போரத்தை விட்டு உள்ளே மூன்று இடங்களில் வைத்து அறுத்து, அடித்துக் காயவைத்து நிறுக்க வேண்டும். சதுரத்துக்கு ஆறு பவுண்டு வந்தால், 46 பவுண்டு கூடைக் கணக்கில் ஏக்கருக்கு ஏறத்தாழ 70 கூடை. களை எடுத்த ஆள்நாள், தவிட்டுச் செலவு, செத்த குஞ்சு எல்லாம் அதே நோட்டில் ஏற வேண்டும். விளைச்சல் இரு பக்கமும் சமமாக இருந்து, ஒரு பக்கம் களைக்கூலியே இல்லை என்றால் அதுவும் வெற்றிதான்.

இந்த அளவுகோலில் மாட்டெருவைப் பிரித்துப் போடுவது எளிது. ஆனால் அதன் உண்மையான பலன் தெரிய மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். மீனைச் சோதிக்கவே பள்ளம் வெட்ட வேண்டும். தோற்றால் மண்ணைத் திரும்ப நிரப்பும் கூலியும் நம்முடையது. வாத்தின் விடை ஒரே பருவத்தில் தெரிந்துவிடும். சரிவராவிட்டால் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு வாத்தைச் சந்தைக்கு ஓட்டலாம். எனவே நடவு வயல் உள்ளவர் வாத்திலிருந்து தொடங்குவதே சரி என்பேன். ஏற்கெனவே மாடு வைத்திருப்பவர் எருக்குழிக்குக் கூரை போடட்டும். மீன், தாழ்வான சொந்த நிலமும் தெளிவான காகிதமும் உள்ளவருக்கு மட்டும்.

வாத்துக்கு இறங்குபவர் கவனிக்க வேண்டிய தேதி ஒன்று உண்டு. வாத்து முட்டை பொரிக்க 28 நாள் ஆகும். நாற்றின் வயதும் ஏறத்தாழ அதுவே. நாற்றங்காலில் விதை தெளிக்கும் அன்றே முட்டையை அடை வைக்க வேண்டும், அல்லது குஞ்சு பொரிப்பவரிடம் அன்றே சொல்லி வைக்க வேண்டும். நட்ட பிறகு தேடிப் போனால் குஞ்சு கிடைப்பதற்குள் களை முந்திக்கொள்ளும்.