எத்தனை மணிக்குக் கிளம்பணும்? மூன்று முகப்புகள், ஒரு சோதனை

சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்காக ஒரு சின்ன இணையதளம். எந்த நாளில், எந்த நேரத்தில் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் நெரிசல் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது அதன் வேலை. முகப்பை மாற்றி அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பழைய முகப்பில் வரைபடம், வானிலை, சுங்கக் கட்டணப் பட்டியல் எல்லாம் நெரிந்து கிடந்தன. புறப்படும் நேரத்தைக் கேட்கும் பெட்டி அவற்றுக்கெல்லாம் கீழே எங்கோ இருந்தது.

மூன்று மாதிரிகள் செய்தோம். ஒன்று வரைபடம், ஒன்று நாட்காட்டி, ஒன்று வெறும் கேள்வி. அப்புறம் ஆட்களை உட்காரவைத்து, கையில் போனைக் கொடுத்து, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று இணையதளப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடம். நாங்கள் முதலில் பிடித்த ஐந்து பேரும் எங்கள் அலுவலகத்து ஆட்கள். ஒரு குறையும் தெரியவில்லை! அடுத்த சுற்றுக்கு வெளியாட்களைத் தேடினோம்.

வரைபடம்தான் எனக்குப் பிடித்திருந்தது, பார்க்க அழகு. தாம்பரத்தில் வங்கியில் வேலை செய்யும் ஒரு அக்காவிடம் கொடுத்து, “வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் விழுப்புரத்துக்கு அம்மா வீட்டுக்குப் போறீங்க, எப்போ கிளம்புவீங்க?” என்று கேட்டோம். பக்கத்தைக் கீழே தள்ளக் கட்டைவிரலை வைத்தார். பக்கம் அசையவில்லை, வரைபடம் நகர்ந்தது. இன்னும் இரண்டு தடவை தள்ளினார். “தம்பி, இது கடலுக்குள்ள போகுது” என்று போனைத் திருப்பிக் காட்டினார். திரை முழுக்க வங்காள விரிகுடா.

ஒருவழியாகக் கரையேறியபின், தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில் நெரிசலைக் காட்டும் சிவப்புக் கோடு தெரிந்தது. “இது எப்பவுமே சிவப்புதானே?” என்றார். அவர் கேட்டது சரி. அது போக, அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்த நிமிடத்துச் சாலையை. வெள்ளிக்கிழமைச் சாலையைப் பார்க்க அடியில் ஒரு ஸ்லைடரை நகர்த்த வேண்டும். வெளியாட்கள் ஒருவரும் அதைத் தொடவே இல்லை. வண்டியில் ஏறியபின் வரைபடத்தைப் போல உதவி வேறில்லை. ஆனால் மூன்று நாளுக்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து யோசிப்பவருக்கு அது கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை.

நாட்காட்டிக்கு முன்னோடி பிரான்சில் இருக்கிறது. 1975 ஆகஸ்ட் முதல் வார இறுதியில் விடுமுறைக்குக் கிளம்பிய கூட்டத்தால் அந்த நாட்டில் மொத்தம் ஏறக்குறைய 600 கிலோமீட்டருக்கு வண்டிகள் தேங்கி நின்றன. அடுத்த ஆண்டே அரசு ‘பிஸோன் ஃபூத்தே’ என்ற முன்னறிவிப்புச் சேவையைத் தொடங்கியது. தந்திரக்கார எருமை என்று சொல்லலாம். ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என ஒரு நிறம். கிளம்புவோருக்குத் தனி நிறம், திரும்புவோருக்குத் தனி நிறம். பொங்கலுக்கு நமக்கு வேண்டியது அச்சு அசல் இதுதான். போகிக்கு முந்தின நாள் ஒரு திசை திணறும், காணும் பொங்கல் முடிந்தால் எதிர்த்திசை திணறும். அங்கே குளிர்கால, வசந்தகாலப் பள்ளி விடுமுறையை நாட்டை மூன்று மண்டலமாகப் பிரித்துத் தள்ளித் தள்ளி விடுகிறார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, ஊரே ஒரே ராத்திரியில் கிளம்பும்.

சோதனையில் நாட்காட்டியைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார்கள், கறுப்பைத் தவிர. “கறுப்புன்னா ரோடு மூடிட்டாங்களா?” என்று இரண்டு பேர் கேட்டார்கள். பெரியவர் ஒருவர், “நல்ல நாளும் அதுவுமா எதுக்குய்யா கறுப்பு?” என்று முகம் சுளித்தார். அதைக் கருஞ்சிவப்பாக்கி, உள்ளே ‘மிக மோசம்’ என்று எழுதியும் வைத்தோம். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அந்த எழுத்து உதவும்.

நாட்காட்டியின் குறை வேறு. நாளைச் சொல்கிறது, மணியைச் சொல்வதில்லை. சாதாரண வெள்ளிக்கிழமைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

மூன்றாவது மாதிரி பார்க்க மொட்டையாக இருந்தது. “எங்கே போகணும்? எத்தனை மணிக்குள் அங்கே இருக்கணும்?” அவ்வளவுதான். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் போக்குவரத்துத் துறை சியாட்டில் வட்டாரத்துக்கு இப்படி ஒன்றைச் செய்தது. போய்ச் சேர வேண்டிய நேரத்தைச் சொன்னால், 95 விழுக்காடு நம்பகத்துடன் எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்லும். சராசரி நேரத்தை நம்பிக் கிளம்பினால் ஏறத்தாழ இரண்டு தடவைக்கு ஒரு தடவை தாமதம்தானே.

முதலில் நாங்கள் கூகுள் மேப்ஸ் பாணியில் ‘2 மணி 30 நிமிடம் முதல் 4 மணி நேரம் வரை’ என்று காட்டிப் பார்த்திருந்தோம். வாடகைக் கார் ஓட்டும் அண்ணன் ஒருவர் இரண்டரையை எடுத்துக்கொண்டார். வங்கி அக்கா நாலை எடுத்துக்கொண்டார். ஒரே விடை, ஆளுக்கொரு சுபாவம். கிளம்பும் மணியை மட்டும் சொன்னதும் அந்தக் குழப்பம் போய்விட்டது. ஆனால் ‘95 விழுக்காடு’ யாருக்கும் ஏறவில்லை. ‘20 தடவை போனால் 19 தடவை நேரத்துக்குப் போய்விடலாம்’ என்று மாற்றினோம். “அந்த ஒரு தடவை இன்னைக்கா இருந்தா?” என்று கேட்டார் கார் அண்ணன். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவரே இன்னொன்றும் சொன்னார்: “கிலோமீட்டர் கணக்கு எதுக்கு சார்? பரனூர் டோலை எத்தனை மணிக்குத் தாண்டணும்னு சொல்லுங்க.” உண்மைதான். வீட்டிலிருந்து போன் வந்தாலும் “டோல் தாண்டிட்டியா?” என்றுதான் கேட்கிறார்கள். இப்போது விடைக்குக் கீழே பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று மூன்று சுங்கச்சாவடிகளும், ஒவ்வொன்றையும் தாண்ட வேண்டிய மணியும் வருகின்றன. மூன்று மாதிரியிலும் இல்லாத ஒன்று, ஆனால் புது முகப்பில் அதிகம் பாராட்டப்பட்டது இதுதான்.

ஆக, மூன்றாவது முகப்பையே தேர்ந்தெடுத்தேன். பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பிருந்து நாட்காட்டி அதன் தலையில் ஒரு பட்டையாக வந்து உட்காரும். வரைபடம் விடைக்குப் பிறகுதான், அதுவும் முதலில் ஒரு தடவை தட்டினால்தான் நகரும். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஒரு சிக்கல் எந்த முகப்பாலும் தீராது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30இல் திறந்தபின், கோயம்பேட்டிலிருந்து கிளம்பிய தென்மாவட்டப் பேருந்துகள் பெருங்களத்தூரைத் தொடாமலே வண்டலூரைத் தாண்டித் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய பண்டிகைத் தரவை அப்படியே வைத்துக் கணித்தால் பெருங்களத்தூர் விஷயத்தில் ஏமாந்துபோவோம். கணிப்பில் பழைய ஆண்டுகளுக்குத் தரும் மதிப்பைக் குறைத்திருக்கிறோம், நம்பக்கூடிய தரவு கொஞ்சம்தான் மிஞ்சுகிறது. அதனால் பொங்கல் வாரத்தில் மட்டும் ‘20 தடவைக்கு 19’ என்ற வரியை எடுத்துவிட்டு, ‘இது தோராயம், ஒரு மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள்’ என்று போட்டிருக்கிறேன். கார் அண்ணனிடம் காட்டியபோது, “இதை முதல்லயே போட்டிருக்கலாமே” என்றார்.