ஒரே பாட்டு, நாலு ஆப்: போனில் இசை செய்ய எதை எடுப்பது?

அக்கா மகன் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். காலேஜ் திறக்க இன்னும் இரண்டு மாதம். "மாமா, லேப்டாப் இப்ப வாங்கித் தர மாட்டாங்களாம். போன்லயே பாட்டு பண்ணலாம்னு இருக்கேன். எந்த ஆப் நல்லா இருக்கும்?" என்று கேட்டான்.

நீ பாடப்போகிறாயா, பீட் போடப்போகிறாயா, கீபோர்டு மாதிரி வாசிக்கப்போகிறாயா என்று திருப்பிக் கேட்டேன். "எல்லாந்தான்" என்றான். சரி, செய்தே காட்டிவிடலாம் என்று, நான் எப்போதோ மெட்டுப் போட்டு வைத்திருந்த எட்டு வரிப் பாட்டு ஒன்றை எடுத்தேன். டெம்போ 100 (நிமிடத்துக்கு 100 அடி), ஐந்து கட்டை, அதாவது கீபோர்டுக்காரர்கள் பாஷையில் ஜி. ஒரு தாள ட்ராக் (தனியாகப் பதிந்து அடுக்கும் வரிசை), ஒரு பேஸ் (அடியில் ஓடும் கனத்த சுரங்கள்), ஒரு குரல், நடுவில் நாதஸ்வரம் மாதிரி ஒரு சின்ன பிட். இதையே கேரேஜ்பேண்ட், எஃப்எல் ஸ்டுடியோ மொபைல், பேண்ட்லேப், கோலா சாம்ப்ளர் நாலிலும் செய்து பார்த்தேன். கேரேஜ்பேண்டுக்கு என் தங்கச்சி மாற்றிவிட்டுக் கொடுத்த பழைய ஐபோன். மற்ற மூன்றுக்கும் 14,000 ரூபாய் ஆண்ட்ராய்டு போன்.

ஆப்புக்குப் போகும் முன்னால் ஹெட்செட் விஷயம். பையன் கழுத்தில் எப்போதும் ஒரு ப்ளூடூத் தொங்கும். அதை வைத்துக்கொண்டு எந்த ஆப்பிலும் தாளம் வாசிக்க முடியாது. டெம்போ 100 என்றால் ஒரு அடிக்கு 600 மில்லி நொடி. தகதிமி என்று நாலாகப் பிரித்தால் ஒரு சொல்லுக்கு 150. சாதாரண ப்ளூடூத் ஹெட்செட்டில் சத்தம் காதுக்கு வந்து சேர 150 முதல் 250 மில்லி நொடி பிடிக்கும். நீங்கள் 'த' தட்டுகிறீர்கள், 'க' விழவேண்டிய நேரத்தில்தான் அந்த 'த' கேட்கிறது. விரல் தடுமாறிப்போகும். ஒயர் ஹெட்செட் போதும், விலை குறைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. இதில் ஒரு வேடிக்கை: ஐபோனில் 3.5 மி.மீ. ஓட்டையை 2016-லேயே எடுத்துவிட்டார்கள், விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இன்றும் இருக்கிறது.

ஒயர் போட்டாலும் ஆண்ட்ராய்டில் கொஞ்சம் தாமதம் உண்டு. தொட்டதும் சத்தம் வருவதில் ஐபோன் ஆரம்பத்திலிருந்தே முன்னால் நின்றது. ஆண்ட்ராய்டில் 2017-ல் வந்த 8-ஆம் பதிப்பில் ஆடியோவுக்கென்று ஏஆடியோ என்ற புது வழியைச் சேர்த்த பிறகு நிலைமை தேறியது. ஆனாலும் ஒவ்வொரு கம்பெனிப் போனிலும் ஒவ்வொரு மாதிரி. பக்கத்து வீட்டுப் பையன் போனில் சரியாக வாசிக்கிற ஆப் உங்கள் போனில் இழுக்கலாம். விமர்சனம் படிக்கும்போது இதை மனதில் வையுங்கள், இந்த விமர்சனத்தையும் சேர்த்துத்தான்.

கேரேஜ்பேண்ட்: வாசிக்கத் தெரிந்தவனுக்கு

2011-ல் ஐபேடுக்கு வந்து, அதே வருடக் கடைசியில் ஐபோனுக்கும் வந்தது. இலவசம். அமெரிக்கப் பாடகர் ஸ்டீவ் லேசி தன் ஆரம்பகாலப் பாட்டுகளை ஐபோனில் இதை வைத்தே செய்தார். கிட்டாரை ஒரு சின்ன இணைப்பான் வழியாகச் சொருகி, குரலைப் போனின் மைக்கிலேயே பாடிப் பதிவுசெய்தவர். 2017-ல் ராப் பாடகர் கென்ட்ரிக் லமார் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கும் போனில் தொடங்கிய அவருடைய இசைதான். ஆகவே "போன்ல பண்ணது போன் மாதிரிதான் கேட்கும்" என்கிற பேச்சை விட்டுவிடலாம்.

இதில் எனக்குப் பிடித்தது விரலுக்குக் கிடைக்கும் பதில். ட்ரம்ஸைப் போனில் மெதுவாகத் தட்டினால் மெதுவாக, ஓங்கித் தட்டினால் ஓங்கி விழும். போனுக்குள் இருக்கும் அசைவு உணரியை வைத்து அடியின் வேகத்தைக் கணிக்கிறார்கள். நாதஸ்வர பிட்டை இதில்தான் ஓரளவு உருப்படியாகச் செய்ய முடிந்தது. கீபோர்டில் விரல் வழுக்கினால் என்ன ஆகவேண்டும் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை 'பிட்ச்' என்று மாற்றிவிட்டால், ஒரு சுரத்தில் விரலை வைத்து நகர்த்தும்போது சுரம் வளைகிறது. கமகம் என்று சொல்லமாட்டேன், கமகத்தின் நிழல். நிஜமாகவே தொடுதிரையில் ராகம் வாசிக்க வேண்டுமென்றால் அதற்கு ஜியோஷ்ரெட் என்று தனி ஆப் உண்டு. ஐபேடில் கர்நாடக சங்கீதம் வாசிக்கும் மகேஷ் ராகவன் கையில் அதைப் பார்த்தால் புரியும்.

தாளத்தில்தான் கேரேஜ்பேண்ட் நம்மைக் கைவிடுகிறது. ஐபோன் பதிப்பில் 4/4, 3/4, 6/8 என்று மூன்று தாளக் கணக்குதான். ஆதி தாளத்துக்கு முதலாவது போதும், நம்ம ஊர் ஆட்டம் போடவைக்கிற திஸ்ர நடைக்கு 6/8 போதும். ஏழு அடி கொண்ட மிஸ்ர சாப்பு என்று வந்தால் கதவு சாத்தியாயிற்று. நான் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறேன். பாட்டின் பகுதி நீளத்தை 7 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4/4-ல் ஒரு பாருக்கு நாலு அடி, 7 பார் என்றால் 28 அடி, அதாவது ஏழு அடி கொண்ட நாலு ஆவர்த்தனம். டிக் டிக் என்று அடிக்கும் மெட்ரோனோமை அணைத்துவிட்டு, அதற்குப் பதில் ஒரு ட்ராக்கில் தகிட தகதிமி என்று ஏழுக்கு ஒரு க்ளிக் போட்டுக்கொண்டால் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) சரியாகப் பொருந்தி ஓடும். திரையில் தெரியும் கோடுகளைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் குழம்பிவிடும். அதேபோல் பாட்டின் நடுவில் டெம்போவை மாற்றவும் இதில் வழியில்லை. விருத்தம் பாடிவிட்டுத் தாளத்துக்குள் வருகிற பாட்டு என்றால் விருத்தத்தைத் தனியாகப் பதிவுசெய்து ஒட்டுங்கள்.

32 ட்ராக் வரை போகலாம், பழைய போனில் அவ்வளவு தேவைப்படாது. வெளியே எடுக்கும்போது வேவ் கோப்பாக எடுக்க முடிகிறது. பாட்டின் கேரேஜ்பேண்ட் கோப்பை அப்படியே மேக் கம்ப்யூட்டரில் திறக்கலாம், விண்டோஸில் முடியாது. நம்ம ஊரில் மேக் வைத்திருப்பவர் எத்தனை பேர்?

பேண்ட்லேப்: பாடுகிறவனுக்கு

சிங்கப்பூர்க் கம்பெனி. ஐபோன், ஆண்ட்ராய்டு, கம்ப்யூட்டர் ப்ரவுசர் எல்லாவற்றிலும் ஓடும். முக்கியமான வேலைக்குக் காசு கேட்பதில்லை. 2024-ல் 10 கோடிப் பயனர்களைத் தொட்டுவிட்டதாக அறிவித்தார்கள். பையனுக்கு முதலில் இதைத்தான் இறக்கிக் கொடுத்தேன். பத்தாவது நிமிடம் பாடிக்கொண்டிருந்தான். மற்ற மூன்றிலும் அந்த வேகம் வரவில்லை.

குரலுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. மைக்கைத் தொட்டுப் பாடினால், அதன்மேல் ரிவெர்ப் (எதிரொலி), கம்ப்ரஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது) எல்லாம் சேர்த்துச் சமைத்து வைத்த ப்ரீசெட்டுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். தாமதத்தைச் சரிசெய்ய ஒரு சோதனையும் உள்ளேயே உண்டு: ஸ்பீக்கரில் டிக் டிக் என்று சத்தம் விட்டு, மைக்கில் அதைத் திரும்பக் கேட்டு, எவ்வளவு பிந்துகிறது என்று தானே கணக்கிட்டு அடுத்த பதிவுகளை முன்னால் தள்ளி வைக்கும். ஆண்ட்ராய்டில் இதைச் செய்யாமல் பாட ஆரம்பித்தால் குரல் தாளத்துக்குப் பின்னால் நொண்டும். ஏன் பாட்டு உட்காரவில்லை என்று பாடகரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

ஆட்டோபிட்ச் பற்றி ஒரு எச்சரிக்கை. கட்டையையும் ஸ்கேலையும் சொல்லிவிட்டால் விலகுகிற குரலைப் பிடித்து அருகிலிருக்கும் சுரத்தில் உட்காரவைக்கும். ராப்புக்கும் நேர்நேராகப் பாடும் பாட்டுக்கும் நன்றாகவே இருக்கிறது. எங்கள் பாட்டில் மூன்றாவது வரி முடிவில் ஒரு சின்ன இழுப்பு உண்டு, பா-விலிருந்து மா-வுக்கு வழுக்கி இறங்கவேண்டும். ஆட்டோபிட்ச் போட்டதும் அந்த வழுக்கல் மாடிப்படி ஆகிவிட்டது. "மாமா, ரோபோ மாதிரி இருக்கு, சூப்பர்ல?" என்றான். இந்த விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. என் யோசனை: அளவைக் குறைத்து வையுங்கள், அல்லது இழுப்பு வரும் இடத்தை மட்டும் வெட்டி வேறு ட்ராக்கில் ஆட்டோபிட்ச் இல்லாமல் வையுங்கள்.

செய்த வேலை இணையத்தில் (க்ளவுட்) சேமிப்பாகிறது, பழைய பதிப்புகளும் வரிசையாக இருக்கும். இதன் அருமை எனக்குத் தெரியும். சில வருடம் முன்னால், பெயர் வேண்டாம், வேறொரு ஆப்பை இடம் போதவில்லையென்று நீக்கினேன். அதோடு பதினோரு பாட்டும் போயிற்று. திருச்சியில் ஒருவர் பாட, துபாயில் இருக்கும் நண்பர் அதன்மேல் கிட்டார் வாசித்துச் சேர்க்கவும் இதில் வசதி இருக்கிறது. குறை என்னவென்றால், தாளத்தையும் பேஸையும் நுணுக்கமாக எழுதுவது சிரமம். தயார் லூப்பை எடுத்து வைக்கச் சொல்லித்தான் ஆப்பே கையைப் பிடித்து இழுக்கிறது. லூப்புக்கு உரிமைத்தொகை கிடையாது, சரி. ஆனால் அதே லூப்பை இன்னொருவரும் வைத்து வெளியிட்டிருந்தால் யூடியூபில் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கலாம். லூப்பை அப்படியே போடாமல் வெட்டிக் குதறி வைப்பது நல்லது.

எஃப்எல் ஸ்டுடியோ மொபைல்

நாலில் காசு கொடுத்து வாங்கவேண்டியவை இரண்டு, அதில் விலை கூடியது இது. ஒருமுறை கட்டினால் போதும், மாதச் சந்தா இல்லை. ஆண்ட்ராய்டில் வாங்கியது ஐபோனுக்குச் செல்லாது, அங்கே திரும்ப வாங்கவேண்டும். டெலிகிராமில் இதன் 'மோட்' கோப்பு, அதாவது காசு கட்டாமல் ஓட யாரோ மாற்றிவிட்ட திருட்டுப் பதிப்பு, சுற்றிக்கொண்டிருக்கும். பையனும் ஒன்றை வைத்திருந்தான். உன் போனில் அப்பாவின் ஜிபே இருக்கிறதா என்று கேட்டேன். அழித்துவிட்டான்.

பெல்ஜியத்தின் இமேஜ்லைன் கம்பெனி 1997-ல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்று ஆரம்பித்ததன் போன் வாரிசு. வாசிப்பதற்கான ஆப் இல்லை இது, எழுதுவதற்கானது. பியானோ ரோலில் ஒவ்வொரு சுரத்தையும் கட்டம் கட்டமாக வைக்கிறோம், ஒவ்வொன்றுக்கும் அழுத்தம் வேறு வேறாகக் கொடுக்கிறோம். பேஸ் ட்ராக் நாலு ஆப்பில் இதில்தான் அமோகமாக வந்தது. ஏழு அடிக்கு ஒரு கிளிப்பை வெட்டி நகலெடுத்து அடுக்கினால் மிஸ்ர சாப்பும் ஓடும். ஆனால் ஆறரை அங்குலத் திரையில் பதினாறாம் பகுதி சுரத்தைத் தொட்டு நகர்த்துவது ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி. விரலால் பெரிதாக்கு, நகர்த்து, சிறிதாக்கு, கேள், மறுபடி பெரிதாக்கு. எட்டு வரிக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

அப்புறம் ஏன் வாங்கவேண்டும்? நாளைக்கு லேப்டாப் வரப்போகிறவனுக்காக. கம்ப்யூட்டரில் இருக்கும் எஃப்எல் ஸ்டுடியோவுக்குள் இந்த மொபைல் பதிப்பு ஒரு ப்ளகினாக (உள்ளே சேரும் துணை மென்பொருளாக) திறக்கிறது, போனில் ஆரம்பித்ததை அங்கே கொண்டுபோய்த் தொடரலாம். கற்ற பழக்கமும் வீணாகாது. லேப்டாப் கனவு இல்லாதவர் இதில் காசு போடவேண்டாம்.

கோலா

இதைச் சொல்ல அதிகம் இல்லை, ஆனால் நாலில் நான் சிரித்துக்கொண்டே வேலை செய்தது இதில்தான். விலை குறைவு. மெல்லிசைக் குழுவில் பேட் வாசிப்பவரைப் பார்த்திருப்பீர்கள், ஒரு கட்டத்தில் தட்டினால் தபலா, இன்னொன்றில் கைதட்டல். அதுதான் இது, சத்தம் மட்டும் நம்முடையது. கட்டத்தை அழுத்திப் பிடித்தால் மைக் திறக்கும், விட்டால் சத்தம் அங்கே ஏறிவிடும். இப்படி 64 சத்தம் வரை.

வீட்டிலிருந்த பித்தளைக் குடத்தை மடியில் வைத்து மோதிர விரலால் வயிற்றில் ஒரு தட்டு, உள்ளங்கையால் வாயில் ஒரு தட்டு. அம்மியில் குழவியை உருட்டி ஒன்று. கதவுத் தாழ்ப்பாள் ஒன்று. குடத்தில் தட்டிய சத்தத்தை ஆப்பில் இரண்டு சுரம் கீழே இறக்கினால் தொப் என்று தவிலின் தொப்பிப் பக்கம் மாதிரி விழுந்தது. அரை மணி நேரத்தில் தயாரான அந்தத் தாளத்தில் இருந்த உயிர், மற்ற மூன்றிலும் இருந்த வெளிநாட்டு ட்ரம்ஸில் இல்லை. பறைச் சத்தம் தேடி அலைகிறவர்கள், பறை வாசிப்பவரிடம் போய்க் கேட்டு, அவர் சம்மதத்தோடு நாலு அடி பதிவுசெய்து இதில் ஏற்றிக்கொள்ளலாம். முழுப் பாட்டையும் குரலோடு இதிலேயே முடிக்க நினைத்தால் மட்டும் சிரமப்படுவீர்கள்.

மற்றவை

கியூபேஸிஸ் நல்ல ஆப், 2020-லிருந்து ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது. முதல் பாட்டு செய்கிறவனுக்கு அது அதிகம். லாஜிக் ப்ரோ 2023-ல் ஐபேடுக்கு வந்தது, சந்தா கட்டவேண்டும், போனில் ஓடாது. எனவே இங்கே பேச்சில்லை.

ஐபோன் ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு என் தீர்ப்பு கேரேஜ்பேண்ட்தான், யோசிக்கவே வேண்டாம். அதற்காக ஐபோன் வாங்காதீர்கள். வீட்டில் யாராவது பழையதை மேசை இழுப்பறையில் போட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள், சிம் இல்லாமலே வேலை நடக்கும். ஆண்ட்ராய்டுக்காரருக்குத் தாளம் கோலாவில், குரல் பேண்ட்லேப்பில். கோலாவில் செய்த தாளத்தை வேவ் கோப்பாக எடுத்து பேண்ட்லேப்பில் இறக்கவேண்டும். இரண்டிலும் டெம்போ எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், 100-க்குப் பதில் 101 இருந்தால்கூட இரண்டாவது சரணத்தில் ஊர் சிரிக்கும்.

பையன் கோலா, பேண்ட்லேப் ஜோடியைத்தான் எடுத்துக்கொண்டான். பீரோ கதவைத் திறந்து வைத்து, அக்காவின் புடவைகளுக்கு முன்னால் நின்று பாடினால் எதிரொலி அடங்கும் என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். நேற்று ராத்திரி பாட்டை வாட்ஸப்பில் அனுப்பினான், தரம் குறையாமலிருக்க டாக்குமெண்ட்டாக அனுப்பு என்று நான் சொன்ன பேச்சு கேட்டு. குடமும் குழவியும் அப்படியே இருந்தன. மூன்றாவது வரியில் ரோபோவும் அப்படியே இருந்தது.