தெருமுனைப் பிரசங்கமா, திண்ணைப் பேச்சா?

காரைக்குடிப் பக்கம் இயேசுவின் நற்செய்தி சொல்லக் கிளம்புகிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

அனுமதி
தெருமுனை: ஒலிபெருக்கிக்கு எழுத்து அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. குடியிருப்பில் பகல் வரம்பு 55 டெசிபல்.
திண்ணை: வீட்டுக்காரர் சம்மதம் போதும்.

கேட்பவர்
தெருமுனை: காய்கறிப் பையோடு நிற்பவர் பஸ் வந்ததும் ஏறிவிடுவார். எடுத்த எடுப்பில் ‘பாவி’ என்றால் அதற்கு முன்பே நகர்ந்துவிடுவார்.
திண்ணை: “ஆச்சி, உட்காரலாமா?” என்று கேட்டு உட்கார்ந்தால் பதிலும் கிடைக்கும், மறுகேள்வியும் வரும்.

நல்லவர் யார்?
“யாரையும் ஏமாற்றியதில்லை, அன்னதானம் செய்கிறோம், நாங்கள் நல்லவர்கள் இல்லையா?” என்று கேட்பவர்கள் திருப்பிக் கேட்பார்கள். சிக்கலே இங்கேதான். இரட்சிப்பு, அதாவது பாவத்திலிருந்து மீட்பு, கிருபையால் (கடவுளின் அருளால்), கிரியையால் (நற்செயலால்) அல்ல என்கிறது பைபிளில் எபேசியர் 2:8-9. மைக்கில் அது மட்டும் காதில் விழுந்தால், தலைமுறையாகச் செய்த தருமத்தை இகழ்வதாகவே படும். கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்ற யாக்கோபு 2:17-ஐயும் சேர்த்து விளக்க, திண்ணையில்தான் நேரம் உண்டு. லூக்கா 10-இல் இயேசு சொன்ன கதையில் அடிபட்டவனைத் தூக்கிக் காயம் கட்டியவன் யூதர்கள் ஒதுக்கிய சமாரியன்; அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கூட்டத்தின் நாள், இடம் அறிவிக்கத் தெருமுனை சரி. பத்து நிமிடம் போதும், ஒலிபெருக்கிப் பெட்டியை வீடுகள் பக்கம் திருப்பாதீர்கள். நல்லவர் யார் என்று பேசத் திண்ணைதான்.