குளோவர் விதை: உடனே விற்பதா, பிப்ரவரி வரை வைத்திருப்பதா?

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சிவப்புக் குளோவர் என்னும் தீவனப் பயிரை வளர்த்த உழவர், முதல் அறுப்பைத் தீவனமாக்கி, மறுதழைப்பை விதைக்கு விட்டார். இலையுதிர் காலத்திலேயே உள்ளூர் வணிகரிடம் விற்றால் உமிநீக்கும் இயந்திரக் கூலியும் கடனும் உடனே அடைபடும். ஆனால், விதையை உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கும் வணிகர், மஞ்சளும் ஊதாவுமான மணிகளுக்கிடையே களைவிதை தென்பட்டால் விலையைக் குறைத்துவிடுவார்.

பிப்ரவரி வரை காத்திருப்பவரோ, குளிர்காலத்தில் விதையைப் பொறுமையாகத் தூற்றிச் சலித்து, உறைபனி வெடிப்புகள் விழுந்த கோதுமை வயல்களில் குளோவர் தூவப்படும் பருவத்தின் தேவையை நம்பி, 60 பவுண்டு கொண்ட ஒவ்வொரு புஷலுக்கும் கூடுதல் விலையை எதிர்பார்க்கலாம். எனினும் அம்மாநிலத்தின் டொலீடோ நகரச் சந்தையின் ஊகவணிகம் விலையை எப்பக்கமும் புரட்டக்கூடியது, எலித்தொல்லை வேறு. கடனில்லாதவருக்கே இரண்டாம் வழி பொருந்தும் என்பேன்.